காய்ந்த ரொட்டியும் கிறிஸ்துமஸ் கோழியும்

ரொட்டிப் பாக்கெட்டில் யாரும் தொடாத ஓரத்துண்டு ஒன்று கிடந்தது. கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் ஸ்டெல்லா மற்றத் துண்டுகளோடு அதையும் பிய்த்து வெயிலில் வைத்தாள். காக்காய்க்குத்தான் வைக்கிறாள் என்று அது நடுங்கியது. ஆனால் காக்காயையும் அவளே விரட்டினாள்.

நன்றாகக் காய்ந்ததும், வெண்ணெயில் வதக்கிய வெங்காயத்தோடு எல்லாவற்றையும் பிசிறிக் கோழிச்சாறு ஊற்றினாள்.

“நனைக்கிறதுக்கு எதுக்குக் காய வைக்கணும்?” என்றது ஓரத்துண்டு.

“என்னை நறுக்கும்போது அவளே அழுதா. அவளுக்கே தெரியலை போல,” என்றது வெங்காயம்.

ஓவனில் பொன்னிறமாக வெந்த ரொட்டி, மேசையில் முழுக் கோழிக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தது.

விருந்தாளிகள் ரொட்டியைத்தான் அள்ளினார்கள். மூன்றாம் தடவையும் கேட்டு வாங்கினார்கள். வாய் நிறைய அதை வைத்துக்கொண்டே, “ஸ்டெல்லா, கோழி பிரமாதம்!” என்றார்கள்.

கடைசியில் ஒரு கரண்டிதான் மிச்சம். அதில் இருந்த ஓரத்துண்டுக்குத் தலை சுற்றியது. “அக்கா, அவங்க சாப்பிட்டது என்னைத்தானே?” என்று கோழியிடம் கேட்டது.

இன்னும் கத்தியே படாத கோழி நெஞ்சைக் கொஞ்சம் நிமிர்த்திக்கொண்டது.

“எனக்கென்ன தெரியும் தம்பி? எல்லாரும் என்னைத்தானே சொல்றாங்க!”