ஞாயிற்றுக்கிழமைச் சத்தம்

“ஒரு லட்சத்து முப்பத்தெட்டாயிரத்து ஐந்நூறு ரூபா. அதுக்கு மேலயே பேங்க்ல வந்து கெடக்குதுன்னு நீயே சொல்ற. எடுத்துக் குடுக்க மட்டும் மாட்டேங்கற. என்ன லூர்து ஞாயம் இது?”

பாத்திரக் கடை அப்துல் கபார் கணக்கு நோட்டை மேசைமேல் விரித்துப் போட்டார். ரெண்டு வருசத்துக்கு முந்தைய பக்கம். அடியில் கோணல் எழுத்தில், ‘லூர்துசாமி, கூலி’.

லூர்துசாமி தலைத்துண்டை அவிழ்த்து முகம் துடைத்தார். காலை ஷிப்ட் முடிந்து சுரங்கத்திலிருந்து நேராக வந்திருந்தார்.

“அது பொண்ணு காசு பாய்.”

“பொண்ணு காசுன்னா செல்லாதா?”

“நான் தொட மாட்டேன். ஜெர்மனில பேக்கரில தட்டு கழுவிகினு படிக்குது. ஸ்காலர்ஷிப்பு ரூமுக்கே சரியாப் பூடுது. பட்டினி கெடந்து மிச்சம் புடிச்சு அனுப்பியிருக்கும். அதுல நான் கடன் கட்டறதா? நாலு மாசம் குடுங்க. டபுள் ஷிப்ட் பாத்துக் கட்டிடறேன்.”

கபார் எட்டி, லூர்துசாமியின் சட்டைப் பையிலிருந்த கேட்-பாஸ் அட்டையை இழுத்துப் பார்த்தார். “லூர்துசாமி. கான்ட்ராக்ட். அன்ஸ்கில்டு. இருவத்தொம்போது வருசமா இதே எழுத்து. முட்டி வீங்கிக் கெடக்குது, டபுள் ஷிப்டாம்! வெள்ளிக்கிழம எம்மவ ஷாஜியாவுக்கு நிச்சயம்யா. இல்லன்னா உன்ன நெருக்குவனா?”

லூர்துசாமி அட்டையை வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டார். மகளின் டிக்கெட்டுக்கும் குளிர் உடுப்புக்கும் வட்டியில்லாமல் எடுத்துக் கொடுத்த மனிதர் கபார்.

“போனப் போடு. உன் மவகிட்ட நானே கேக்கறேன்.”

“வேணாம் பாய். ஏற்கெனவே அது ஊர் ஏக்கத்துல இருக்குது.”

“யாரு சொன்னா?”

“ஞாயித்துக்கிழம ஆனா, ‘கரி போற பெல்ட்டு சத்தம் போட்டுக் காட்டுப்பா’ங்குது. சுரங்கத்துக்குள்ள போன் எடுத்துகினு போவ வுட மாட்டாங்க, கேட்டுலயே வாங்கி வெச்சுகினு வரும்போதுதான் குடுப்பாங்க. நான் வாயாலயே போட்டுக் காட்டறேன்.”

“ஓ! மவளுக்கு நீ போன்ல கொறட்ட வுட்டுக் காட்டறேன்னு உங்க தெருவே சிரிக்குதே, அது இதானா? எங்க, எனக்கும் ஒரு தடவ போடு.”

லூர்துசாமி கூச்சத்துடன் கண்ணை மூடிக்கொண்டார்.

“கிர்ர்ர்… டிக். கிர்ர்ர்… டிக். இது பெல்ட்டுக்கு அடியில உருள்ற ரோலர். பேரிங் போவப் போவுது, ரெண்டு நாள்ல சிக்கிக்கும். கீய்ய்ய்ங்… இது கிரீஸ் காஞ்சது. லொட லொட லொடன்னா மண்ணு பூந்துகிச்சு.”

“இதையா ரெண்டு வருசமா கேக்குது?”

“ஒரு வாரம் வுடறதில்ல. ‘இன்னொருக்கா போடுப்பா, மெதுவா போடுப்பா’ன்னு. எங்க வூட்டுல படுத்தா பெல்ட்டு ஓடறது கேக்கும் பாய். அதக் கேட்டுகினே வளந்த புள்ள. வூட்டு ஞாபகம், பாவம்.”

கபார் விடவில்லை. தன் போனிலேயே கூப்பிட்டுவிட்டார். திரையில் மகள் வினோலியாவின் முகம் வந்தது. அவள் பின்னால் ஜன்னலில் மழை. மஞ்சள் நிற டிராம் வண்டி ஒன்று வளைந்து போனது.

“கபார் மாமா! நல்லா இருக்கீங்களா?”

“நல்லா இருக்கேம்மா. உங்கப்பன்தான் காசத் தொட மாட்டேங்கறாரு. நீ பட்டினி கெடந்து அனுப்புனதாம்.”

“பட்டினியா? பேக்கரில மிஞ்சற ரொட்டியெல்லாம் தின்னு மூணு கிலோ ஏறிட்டேன் மாமா. அப்பா, அது நான் அனுப்புன காசே இல்லப்பா.”

“பின்ன?”

“போன மாசம் ஒரு பாரத்துல கையெழுத்து கேட்டேனே?”

“ஆமா. காலேஜ்ல அப்பா கையெழுத்து கேக்கறாங்கன்னு போட்டேன்.”

“எனக்கு இருபத்தஞ்சு வயசுப்பா! இன்னுமா அப்பா கையெழுத்து கேப்பாங்க? உன் வாட்ஸப்புல ஒரு ரசீது இருக்குது பாரு. அடியில தமிழ்ல எழுதியிருக்கேன். சத்தமாப் படி.”

நாற்பது வயதுக்குமேல், பங்குக் கோயில் கொட்டகையில் ‘அ’ போடக் கற்றவர் லூர்துசாமி. தன் போனைத் தள்ளிப் பிடித்து எழுத்தெழுத்தாகக் கூட்டினார்.

“பெ…யர்: லூர்துசாமி. வேலை: கன்வேயர் ரோலர்களின் பழுது ஒ…லி…களை இனங்காட்டியது. நாற்பத்தொரு மணி நேரம். ஊதியம்…”

தொகையைப் பார்த்ததும், ‘பதவி’ என்று தொடங்கிய கடைசி வரியைப் படிக்காமலே நிமிர்ந்தார்.

“என்னம்மா இது? நான் போட்ட சத்தமா?”

“அதேதாம்ப்பா. அந்தப் பாரத்த வெச்சு எங்க காலேஜே உனக்குப் போட்ட சம்பளந்தான் பேங்க்ல இருக்கறது. பெல்ட்டு நின்னுபோறதுக்கு முன்னாடியே சத்தத்த வெச்சுக் கண்டுபுடிக்கற மெஷின்தான் என் ஆராய்ச்சி. அதுக்கு எந்தச் சத்தத்தக் கவனிக்கணும்னு எங்க புரொபசருக்கே உன்ன வெச்சுத்தான் புரிஞ்சுது. பதினாலு பேரு கிளாஸ்ல உக்காந்து உன் ‘கிர்ர்ர் டிக்’க எழுதிகினாங்கப்பா! முன்னாடியே சொல்லியிருந்தா, பயந்துகினு நீ வாயே தொறந்திருக்க மாட்ட.”

கபார் நாற்காலியை விட்டு எழுந்து நின்றுவிட்டார்.

அரை மணி நேரத்தில் எதிர்ப்பக்கத்து பேங்கிலிருந்து பணம் வந்து சேர்ந்தது. கபார் எண்ணி வைத்துவிட்டு, பக்கத்தின் குறுக்கே கோடு இழுத்தார். ‘பைசல்’ என்று எழுதி நோட்டைத் திருப்பி வைத்தார்.

“கையெழுத்துப் போடு லூர்து. என்ன வேலன்னும் பக்கத்துல எழுதிடு, வழக்கம்போல.”

லூர்துசாமி பெயரை எழுதினார். பிறகு போனை எடுத்து, சற்றுமுன் படிக்காமல் விட்ட கடைசி வரியிலிருந்த பதவியைப் பார்த்துப் பார்த்து, ஒவ்வோர் எழுத்தாகப் பெயருக்குப் பக்கத்தில் எழுதினார்:

‘நிபுணர்’.