துவைக்கும் கல்

பங்களாவின் பின்பக்கத்தைக் கடல் அரிக்காமலிருக்கக் கல்சுவர் எழுப்பிக்கொண்டிருந்தார்கள். சுவர் நீள நீள, அங்கே தடுக்கப்பட்ட கடல் வடக்கே திரும்பிக் குப்பத்தை வாரிக்கொண்டு போனது. எட்டியப்பனின் வீடு விழுந்து ஒரு மாதமாகிறது. அந்தச் சுவரில்தான் அவனும் மனைவி தேசம்மாளும் கூலிக்குக் கல் அடுக்கினார்கள். குப்பத்தில் விழுந்த வீடுகளிலிருந்து லாரி அள்ளிவந்து கொட்டிய குவியலில், நடுவே தேய்ந்து பள்ளமான ஒரு கருங்கல்லைப் பார்த்ததும் அவன் கை அப்படியே நின்றுவிட்டது. இருபது வருஷம் தேசம்மாள் துணி துவைத்துத் தேய்த்த பள்ளம் அது.

“இன்னாப்பா, கல்லாண்ட ஜோசியம் கேக்குறியா? தூக்கி உள்ள போடு,” என்றார் மேஸ்திரி.

“போடுய்யா,” என்றாள் தேசம்மாளும். “ஊடே பூட்ச்சி. கல்ல எங்க கொண்டுபோய் வெக்கிறது?”

அவன் பள்ளம் மேலே தெரிகிற மாதிரி கல்லைச் சுவரின் உச்சியில் உட்கார்த்தினான். அடுத்த அலை எழும்பி வந்து அதை நிரப்பிவிட்டுப் போனது. மேஸ்திரி நகர்ந்ததும் தேசம்மாள் தலையிலிருந்த சும்மாட்டை அவிழ்த்து அந்தத் தண்ணீரில் முக்கினாள்.

“உப்புத் தண்ணியில அழுக்கு போவாதுடி,” என்றான் எட்டியப்பன்.

அவள் காதில் வாங்காமல் துணியை ஓங்கி அடித்தாள். மறுபடியும் அடித்தாள்.

பங்களா மாடியில் ஒரு ஜன்னல் திறந்தது.