கேட்டது யாரை

ஏணியில் நின்று ஃபேனைக் கழற்றும்போதே எலெக்ட்ரீஷியனுக்கு வயிறு எரிந்தது.

தம்பி வீட்டில் எட்டு அறை. அறைக்கு ஒரு ஏசி. பெரியம்மாவுக்கு மட்டும் ஏசி ஆகாது; அதனால்தான் இந்த ஃபேன், அதனால்தான் இவன்.

நாற்பது வருடத்துக்கு முன்னால், பிள்ளையில்லாத பெரியம்மா ஒரு பிள்ளையைத் தத்தெடுக்க வந்தாள். அம்மா தன் மகன்கள் இருவருக்கும் தலைவாரி, துவைத்த சட்டை போட்டு, பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினாள்.

காரில் ஏறியது தம்பி.

தம்பி என்ஜினீயர் ஆனான். அண்ணன் பத்தாவதோடு ஸ்க்ரூடிரைவரைப் பிடித்தான். என் மூக்கு சப்பையா, நிறம் மட்டா, எதைப் பார்த்து என்னைக் கழித்தாள் என்று கண்ணாடி முன் அவன் யோசிக்காத நாளில்லை.

கட்டிலில் கிடந்த பெரியம்மா கண்ணைத் திறந்தாள். போன மாதம் தங்கை, இவனைப் பெற்றவள், இறந்ததிலிருந்து அவளுக்குப் பழசே பேச்சு.

"நான் உன்னைத்தான்டா கேட்டேன். பெரியவனை விட்டுட்டு என்னால இருக்க முடியாது, சின்னவனை வேணா கூட்டிட்டுப் போக்கான்னுட்டா உங்கம்மா."

சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

அவன் ஏணியை இறுகப் பிடித்தான்.

இந்த எட்டு அறையும் அவனுக்கு வந்திருக்க வேண்டியவை. முதலில் அம்மா மேல் கோபம்தான் வந்தது. ஒரு திருகாணியைக் கழற்றி முடிப்பதற்குள் அதே கோபம் வேறு என்னவோ ஆகிவிட்டது.

தம்பி டீயோடு வந்தான். பெரியம்மா தூங்குகிறாளா என்று எட்டிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினான். தத்துப் போனதிலிருந்து பெற்றவளை அவன் சித்தி என்றுதான் சொல்லுவான்.

"சித்தி ஏண்ணா என்னைக் குடுத்தாங்க? நான் என்ன பண்ணினேன்?"

காரில் போனவன் கேட்கிற கேள்வியா இது. அண்ணன் குனிந்து பார்த்தான். தம்பி டீயை நீட்ட மறந்து அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"பெரியம்மா நீதான் வேணும்னு ஒத்தைக்கால்ல நின்னாங்கடா. உன்னை அனுப்பிட்டு மூணு நாள் பெத்தவ பல்லுல பச்சைத்தண்ணி படலை."

முதலாவது பொய். இரண்டாவது, ஆறு வயதில் அவன் கண்ணால் கண்டது. பக்கத்தில் நான் இருக்கும்போது எதற்கு அழுகிறாள் என்று அப்போதே கடுப்பாக இருந்தது.

தம்பி டம்ளரை ஏணிப்படியில் வைத்தான்.

"அம்மா சாப்பிடவே இல்லையா?" என்றான் பிறகு.

அம்மா என்றான். அந்த ஒரு சொல்லைத்தான் அண்ணன் அதுவரை யாரோடும் பங்கு போட்டதில்லை.