இடது கைகள்

ஓட்டுக் கண்ணாடி வழியே இறங்கும் வெயில் மூன்றாம் வகுப்பின் நடுவே வட்டமாகக் கிடக்கிறது. வெளியே ஐஸ் தண்ணீர் சொட்டச் சொட்ட ஒரு மீன் லாரி ஜெகதாப்பட்டினத்தை விட்டுக் கிளம்புகிறது. பிள்ளைகள் போட்டி போட்டுக் கொடுத்த கனகாம்பரம் தலையில் துவள, பயிற்சி ஆசிரியை இளமதி கரும்பலகையில் இருபத்து நான்கு மீன்களையும் நான்கு கூடைகளையும் வரைந்துவிட்டுத் திரும்புகிறாள். "ஒரு கூடைக்கு எத்தன மீனு?" அத்தனை கைகளும் உயர்கின்றன. அவளுக்கு மதிப்பெண் போட வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் மேற்பார்வையாளரின் முகம் மலர்கிறது. விடை தெரிந்தால் வலது கை, தெரியாவிட்டால் இடது கை. நேற்றுச் சாப்பாட்டு வேளையில் தன் டப்பாவிலிருந்து இளமதிக்கு ஊறுகாயை எடுத்து வைத்தபடி இந்த வழியைச் சொல்லிக்கொடுத்தவர் வகுப்பாசிரியை ராஜலட்சுமி டீச்சர். "பயப்படாத தாயி, நான் இருக்கேன்ல." இன்று காலை இளமதி அதைப் பிள்ளைகளுக்குப் பழக்கியிருக்கிறாள். இப்போது அதே கடைசி பெஞ்சில் இருக்கும் ராஜலட்சுமி டீச்சர் வளையல் குலுங்க மேற்பார்வையாளர் பக்கம் சாய்கிறார். "எடது கையத் தூக்கியிருக்க பிள்ளையா பாத்துக் கேளுங்க சார்." நேற்றைய அதே கனிவான சிரிப்பு. மேற்பார்வையாளரின் பேனா முனை, இடது கையைத் தூக்கியிருக்கும் கனிஷ்காவை நோக்கி நீள்கிறது. இளமதியின் விரலிடுக்கில் சாக்பீஸ் ஒடிகிறது. எழுந்து நிற்கும் கனிஷ்கா தூக்கிய கையை இன்னும் இறக்கவில்லை. டீச்சரையும் சாரையும் விட்டுவிட்டு, அவள் கண்கள் இளமதியிடம் வந்து நிற்கின்றன.

"எடது கையத் தூக்குனா கேக்க மாட்டேன்னு சொன்னீங்களே டீச்சர்?"