ஸ்டிக்கரும் தேங்காய் எண்ணெயும்

வரியைக் குறைத்துவிட்டதாக அறிவிப்பு வந்த மறுநாள், ஒரு மளிகைக் கடையின் தேங்காய் எண்ணெய் பாட்டில்கள் மீதெல்லாம் பளபளவென்று ஸ்டிக்கர் ஏறியது: ‘வரிக் குறைப்பு! புதிய விலை 240!’

“என் மேல் முன்பு அச்சடித்திருந்ததும் 240தானே?” என்றது முன்வரிசைப் பாட்டில்.

“அதை மறைக்கத்தான் என்னை ஒட்டியிருக்கிறார்கள். பேசாமல் நில்” என்றது ஸ்டிக்கர்.

“போன மாதம் நம் கடைக்கு வாடிக்கையாக வரும் வானதி இந்த விலையைப் பார்த்துத்தான் என்னைத் திரும்ப வைத்துவிட்டுப் போனாள். இன்றைக்கு உன்னை நம்பி எடுப்பாள். அதற்கு நான் துணை போகமாட்டேன்!”

பாட்டில் தன் மூடியைத் தளர்த்தி எண்ணெயைக் கசியவிட்டது. பக்கத்துப் பாட்டில்கள் பார்த்துக்கொண்டிருந்தன.

மாலையில் வானதி வந்து பாட்டிலை எடுத்ததும், ஸ்டிக்கர் வழுக்கி அவள் கட்டைவிரலோடு வந்துவிட்டது. அடியில் இருந்த பழைய விலையைப் பார்த்தாள்.

“என்னங்க இது? பழைய விலையும் இதேதானே?”

“அது ஒழுகுற பாட்டில்மா, வச்சிடுங்க. வேற நல்லதா எடுத்துக்குங்க” என்று பதறினார் கடைக்காரர்.

வானதி அடுத்த பாட்டிலை எடுத்தாள். அதுவும் ஒழுகியது. நிமிர்ந்து பார்த்தாள். அந்த வரிசையே ஒழுகிக்கொண்டிருந்தது.