தங்கமான பேஷண்ட்

"எனக்கு ஒண்ணும் சரியாகல. மூணு மாசமா நீங்களும் தலையை ஆட்டிக்கிட்டேதான் இருக்கீங்க!"

பஸ் டிரைவர் போட்ட சத்தம் வெளியே பெஞ்சு வரை கேட்டிருக்கும். ஆலோசகர் பல்லைக் கடித்துக்கொண்டு புன்னகை செய்தார். மனச்சோர்வைப் பேசியே குணப்படுத்துவது அவர் தொழில். அதில் இப்படிப் பேச்சு வாங்குவதும் சேர்த்தி என்று படிக்கும்போது யாரும் சொல்லித் தரவில்லை.

"காலையில நடக்கச் சொன்னேனே, நடந்தீங்களா?"

"ரெண்டு நாள் நடந்தேன். கால்தான் வலிச்சது."

வாராவாரம் பேஷண்ட் ஒரு ஃபாரம் நிரப்பித் தரவேண்டும். தூக்கம், பசி, அழுகை என்று ஒன்பது கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் பூஜ்யத்திலிருந்து மூன்று வரை மார்க். மொத்த மார்க் குறையக் குறைய ஆள் தேறுகிறார் என்று அர்த்தம். பத்தொன்பதில் வந்த டிரைவர் பதினாறில் நின்று மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்.

"அடுத்த வாரமும் இதையேதான் சொல்வேன்" என்று எழுந்து போனார். கதவு படாரென்று சாத்திக்கொண்டது.

அடுத்தவர் தையல்காரர். கதவுக்கு வலிக்காமல் மூடிவிட்டு வந்து உட்கார்ந்தார். அவர் தங்கமான பேஷண்ட். ஒரு நாள் தாமதமில்லை, ஒரு வார்த்தை எதிர்ப்பேச்சு இல்லை. நடந்த தூரத்தைக்கூட நோட்டுப் போட்டு எழுதி வருவார். வந்தபோது இருபத்தொன்று. இன்றைய ஃபாரத்தில் வெறும் மூன்று.

"எப்படி இருக்கீங்க?"

"உங்க புண்ணியத்துல நல்லா இருக்கேன்மா."

ஆலோசகருக்கு வயிறு குளிர்ந்தது. வெள்ளிக்கிழமை கூட்டத்தில் பெரிய டாக்டர் முன்னால் இவரைப் பற்றித்தான் பேசுவதாக இருந்தார். டிரைவரை வேறு யார் தலையிலாவது கட்டிவிடவும் எண்ணம். ஏட்டிக்குப் போட்டி பேசுகிறவரிடம் எந்த வைத்தியம் எடுபடும்?

"இனிமே நீங்க வரவேண்டியதில்ல. சிகிச்சை முடிஞ்சது" என்று டிஸ்சார்ஜ் தாளை எடுத்தார்.

தட்டாமல் கொள்ளாமல் கதவு திறந்தது. டிரைவர்.

"மேடம், அது டிஸ்சார்ஜ் தாள்தானே? அதுல கையெழுத்துப் போடாதீங்க."

"உள்ள ஆள் இருக்கும்போது இப்படி வரக்கூடாதுன்னு தெரியாதா உங்களுக்கு?"

"திட்டறத அப்புறம் திட்டுங்க. பஸ் ஸ்டாப் வரைக்கும் போயிட்டேன், மனசு கேக்கல. காலையில என் பக்கத்துல உக்காந்துதான் இவர் ஃபாரம் எழுதினாரு. பேனா முக்கால்வாசி தடவை மூணுக்கு நேரா போகுது, அப்புறம் நகர்ந்து பூஜ்யத்துல டிக் அடிக்குது. கடைசிக் கேள்வியிலயும் அப்படித்தான் மேடம். கேட்டா, உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாரு."

கடைசிக் கேள்வி, உயிரோடு இருந்து என்ன பயன் என்று தோன்றுகிறதா என்பது.

தையல்காரர் தலை நிமிரவில்லை.

"நிஜமாவா?" என்றார் ஆலோசகர்.

"தப்பா நினைச்சுக்காதீங்கம்மா. முதல் மாசம் மார்க் குறையலைன்னதும் உங்க முகம் வாடிப்போச்சு. இவ்வளவு பாடுபடறீங்க, உங்களப் போய் எப்படி..."

"அவங்க பாடுபடறாங்கன்னு நீங்க செத்துப் பொழைப்பீங்களா?" என்று டிரைவர் அவர் மீதும் பாய்ந்தார். "சரியாகலன்னா சரியாகலன்னு சொல்லுங்க. நான் சொல்லல? பத்தொன்பது பதினாறானாலும் அது நிஜப் பதினாறு."

ஆலோசகருக்கு வெட்கமாக இருந்தது. மூன்று மாதமாக அந்த அறையில் சிகிச்சை நடந்திருக்கிறது. ஆனால் நடந்தது ஆலோசகருக்கு.

டிஸ்சார்ஜ் தாளைக் கிழித்துப் போட்டார். புது ஃபாரத்தைத் தையல்காரர் முன்னால் வைத்தார்.

"எனக்காக இல்லாம, உங்களுக்காக எழுதுங்க."

தையல்காரர் நிதானமாக ஒவ்வொன்றாக டிக் அடித்து நீட்டினார். ஆலோசகர் கூட்டிப் பார்த்தார். இருபத்துமூன்று. எவ்வளவு அடக்கியும் கண் கலங்கிவிட்டது.

தையல்காரர் பதறிப்போய் ஃபாரத்தைத் திரும்ப வாங்கக் கையை நீட்டினார்.

"ஐயோ, அழாதீங்கம்மா. வேணும்னா ஒரு அஞ்சு மார்க் குறைச்சுப் போட்டுடறேன்."