கொஞ்சம் கரகரத்த குரல்

"அல்லா மேல ஆணையாச் சொல்லுதேன் தம்பி, இதுல ஒரு வார்த்தை பொய் கிடையாது. நாப்பதாம் நாள் ஃபாத்திஹா ஓதுத வரைக்கும் எங்க வீட்டுக்காரவுக இதுல பேசிக்கிட்டுதான் இருந்தாக. மறுநா காலையில பாத்தா வாய் அசையுது, சத்தம் வரல."

திரைச்சீலைக்குப் பின்னாலிருந்து அலிமா பீவி சொன்னாள். கணவனை இழந்து நாலு மாதம் பத்து நாள் துக்கம் காத்து இத்தா இருக்கிறவள் அந்நிய ஆண் கண்ணில் படக் கூடாது. அதனால் மேலப்பாளையத்து அந்த வீட்டில் முன்னறையில் முக்காலி, முக்காலி மேல் லேப்டாப், அதன் முன்னால் எஸ்றா. உள்ளறை வாசலில் திரை, திரைக்கு அந்தப் பக்கம் அவள் குரல் என்று ஏற்பாடு. வாசல் நாற்காலியில் அவளுடைய காக்கா அலி அஸ்கர் செய்தித்தாளை விரித்துப் பிடித்திருந்தார். எஸ்றா வந்ததிலிருந்து அண்ணன்காரர் பக்கத்தைத் திருப்பவே இல்லை.

எஸ்றாவுக்குத் தச்சநல்லூரில் லேப்டாப் பழுதுபார்க்கிற கடை. வெள்ளத்தில் முங்கிய லேப்டாப் ஒன்றைத் திறந்தபோது உள்ளேயிருந்து ஓர் அயிரை மீன் உயிரோடு துள்ளியதாகவும், அதைக் கிணற்றில் விட்டுவிட்டு மெஷினையும் பிழைக்க வைத்ததாகவும் சொல்லுவான். மெஷின் பிழைத்தது உண்மை.

"எத்தனை வீடியோ இருக்குக்கா?"

"பதினேழு. சவூதியில தமாம்ல தையக்கடையில இருபத்திரண்டு வருசம். வெள்ளிக்கிழமை ஜும்மா முடிஞ்சதும் ஒண்ணு எடுத்து அனுப்புவாக. பழசெல்லாம் அழிஞ்சு போச்சு, இதுதான் மிச்சம். மையித்தை அங்கனயே அடக்கிட்டாங்க. மொகத்தைக்கூட நான் பாக்கல தம்பி. இந்தச் சத்தம்தான் எனக்கு இருக்கு. அதையும் எடுத்துராதீய."

எஸ்றா முக்காலியை அருகில் இழுத்தான். வேலையில் இறங்கினான். ஒலியளவு முழுசாக இருந்தது. சவுண்ட் டிரைவர் மென்பொருளைக் கழற்றி மறுபடி போட்டான். அணைத்து எழுப்பினான். மெஷின் ஊமைக்கோட்டானாக உட்கார்ந்திருந்தது.

"குரல் எப்படிக்கா இருக்கும்? சத்தம் வந்தா சரியா வருதான்னு பாக்கணும்லா."

"கொஞ்சம் கரகரப்பு. சளி புடிச்சாப்புல. 'ழ' வராது. வாழைப்பழத்தை வாளப்பளம்பாக. நான் கேலி பண்ணுவேன், கோவம் வந்துரும்." திரை லேசாக அசைந்தது. "பேச ஆரம்பிச்சா நிப்பாட்ட மாட்டாக. மாடித் துணியை எடுத்தியா, கொய்யாவுக்குத் தண்ணி ஊத்தினியா, மாத்திரை போட்டியா... வாயாடி மனுசன் தம்பி."

வாசலில் செய்தித்தாள் சற்று நடுங்கியது. காற்றாக இருக்கும் என்று எஸ்றா நினைத்தான்.

ஹெட்ஃபோன் துளைக்குள் டார்ச் அடித்துப் பார்த்தான். உள்ளே அழுக்கு. ஹெட்ஃபோன் செருகியிருப்பதாக நினைத்துக்கொண்டு மெஷின் ஸ்பீக்கரை அடைத்து வைத்திருக்கிறது. ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் துடைத்தான். வீடியோவை ஓட விட்டான்.

உஸ்ஸென்று ஏசி இரைச்சல் கேட்டது.

"வந்துட்டு!" என்றாள் அலிமா பீவி. "அவுக ரூம்பு ஏசிதான் அது! இனி பேசுவாக பாருங்க."

லேப்டாப் திரை முழுக்க அவள் கணவர் அசன் முகம்மதுவின் முகம். நரைத்த தாடி, சிரித்த கண். உதடு அசைந்தது. புருவம் ஏறி இறங்கியது. குரல் மட்டும் இல்லை. எங்கோ ஒரு கதவு சாத்தும் சத்தம்கூடத் தெளிவாகக் கேட்டது.

"பேசுதாகளா தம்பி?"

"இருங்கக்கா. துளை பாதி ஒட்டி பாதி ஒட்டாம இருந்தா இப்படித்தான். பாட்டுல மேளமெல்லாம் வரும், பாடுதவன் குரல் மட்டும் போயிரும். நான் எத்தனையோ பாத்திருக்கேன்."

மறுபடி துடைத்தான். சோதிக்க ஒரு செய்தி வாசிப்பைப் போட்டான். பாபநாசம் அணையின் நீர்மட்டத்தைக் கணீரென்று ஒரு பெண் சொன்னாள். அசன் முகம்மதுவைப் போட்டான். ஏசி இரைந்தது. அடுத்தது, அதற்கடுத்தது என்று பதினேழையும் போட்டுப் பார்த்தான். பதினேழு வெள்ளிக்கிழமையும் உதடு அசைந்தது, ஏசி இரைந்தது.

எஸ்றாவுக்கு வியர்த்தது. டிரைவரைக் கழற்றிய நேரத்தில் ஏதாவது ஏடாகூடமாகச் செய்துவிட்டோமா? ஒரு மனுசனின் குரலைத் துடைத்துப் போட்டுவிட்டோமா?

"தம்பி," என்றாள் அவள். அந்தக் குரல் இப்போது தரையில் உட்கார்ந்துகொண்டு பேசுவதுபோலக் கீழேயிருந்து வந்தது. "போதும், நிப்பாட்டிருங்க. மௌத்துச் செய்தி வந்தப்ப எல்லாரும் அழுதாங்க, நான் அழல. எனக்கு அவுக சத்தம் கேட்டுக்கிட்டேதான இருந்துச்சு. இப்பதான் தெரியுது. அவுக போயிட்டாக."

அதன் பிறகு திரைக்குப் பின்னால் எழுந்த அழுகையைக் கேட்கத் தெம்பில்லாமல் எஸ்றா பையைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு வந்தான். பின்னாலேயே அலி அஸ்கர் வந்தார்.

"அண்ணாச்சி, என்னைய மன்னிச்சிருங்க. அக்கா அவ்வளவு சொல்லியும் அந்தக் குரலை நான்தான் அழிச்சிட்டேன் போலுக்கு."

அலி அஸ்கர் அவன் தோளில் கை வைத்தார்.

"நீரு எதையும் அழிக்கலவே. முப்பத்தோரு வருசத்துக்கு முன்னால அவ நிக்காஹ்ல சாட்சிக் கையெழுத்துப் போட்டவன் நான். சம்மதம்னு மாப்பிள்ளை வாயால சொல்லணும், அதான் முறை. எங்க மச்சான் மட்டும் தலையை ஆட்டினாரு. அவருக்குப் பிறவியிலேயே பேச்சு கிடையாது."